அவசரகால மருத்துவக் கல்வியில் ஆசிரியரின் இடம்: வெலிங்டனை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

அவசரகால மருத்துவப் பணி குறித்த எழுத்துகள் பெரும்பாலும் ஊர்திகளின் எண்ணிக்கை, வந்துசேரும் நேரம், காப்பாற்றப்பட்டோர் தொகை ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. அப்பணியாளர்க்குக் கற்பிப்போர் யாவர், எவ்வாறு, எம்மொழியில் கற்பிக்கின்றனர் என்னும் வினாக்கள் எழுவது அரிது. நீலகிரி மாவட்டத்தின் வெலிங்டனையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு, படைத்துறையின் பயிற்று மரபு, 108 சேவையின் பயிற்சி, தொடர்புடைய சட்டங்கள், கற்பித்தல் மொழி ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆசிரியப் பணி தனித்து வரையறுக்கப்படாமையால், தமிழ்ச் சூழலுக்கே உரிய கற்பித்தல் அறிவு எழுத்தில் சேராது போகிறது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: அவசரகால மருத்துவம், முதலுதவி, பயிற்றுநர், 108 சேவை, வெலிங்டன், தமிழ்வழி மருத்துவக் கல்வி, சாமுவேல் கிறீன்

முன்னுரை

2021 டிசம்பர் 8 அன்று நண்பகலில், சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற எம்.ஐ.-17 வி5 வகை விமானப்படை உலங்கூர்தி, குன்னூரை அடுத்த காட்டேரிப் பகுதியில் நஞ்சப்பச்சத்திரம் குடியிருப்பின் அருகே விழுந்து எரிந்தது. அதில் பயணம் செய்தோர் 14 பேர். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வெலிங்டனிலுள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் உரையாற்றச் சென்றுகொண்டிருந்தார். உயிருடன் மீட்கப்பட்டு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற குரூப் கேப்டன் வருண் சிங் அக்கல்லூரியில் கற்பிக்கும் பணியில் இருந்தவர். வெலிங்டன் படை மருத்துவமனையிலும் பின்னர் பெங்களூருவிலும் சிகிச்சை பெற்ற அவர் டிசம்பர் 15 அன்று இறந்தார்.

இந்நிகழ்வு பற்றிய பதிவுகள் பாதுகாப்பு, வானிலை, விசாரணை ஆகிய கோணங்களில் ஏராளம். அவற்றினூடே ஒரு செய்தி திரும்பத் திரும்பக் குறிக்கப்பட்டு, பின் மேலும் ஆராயப்படாமலே விடப்பட்டது. விபத்திடத்தை முதலில் அடைந்தோர் அக்குடியிருப்பு மக்கள். குடங்களில் நீர் கொணர்ந்தனர். வீடுகளிலிருந்து கம்பளிகளையும் போர்வைகளையும் எடுத்து வந்தனர். ஊர்தி நெருங்க இயலாத இடத்திலிருந்து பாதிக்கப்பட்டோரைச் சாலைக்குச் சுமந்து செல்ல அப்போர்வைகளே பயன்பட்டன. இந்தியாவின் மிக முதன்மையான படைத்துறைக் கல்வி நிறுவனங்களுள் ஒன்று சில கிலோமீட்டர் தொலைவில் இருக்க, அவசர உதவியின் முதற்கட்டத்தை ஆற்றியவர்கள் அதற்கெனப் பயிற்றப்படாதவர்கள்.

போர்வையும் பாடமும்

போர்வையைத் தூக்குகருவியாகக் கொண்டு ஒருவரை நால்வர் அல்லது அறுவர் சுமக்கும் முறை முதலுதவிப் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ள ஒன்று. போர்வையின் இரு ஓரங்களையும் உடலை ஒட்டி இறுகச் சுருட்டிப் பிடித்தல், தலைப்பக்கம் நிற்பவரின் கட்டளைக்கு ஏற்ப ஒரே நேரத்தில் உயர்த்துதல், கழுத்தும் முதுகும் வளையாமல் காத்தல் என்பன அதன் கூறுகள். தீ பரவும் இடத்தில் முதுகெலும்புக் காயத்தை எண்ணித் தயங்காமல் முதலில் அப்புறப்படுத்த வேண்டும் என்பதையும் அதே நூல்கள் கூறுகின்றன. நஞ்சப்பச்சத்திர மக்கள் செய்த தேர்வு இந்த அளவில் பாடநூலுடன் ஒத்துப்போவதாகும். மக்கள் இயல்பாகச் செய்ததற்கும் நூல் கூறும் முறைக்கும் இடையே எஞ்சுவது சுருட்டிப் பிடிக்கும் நுட்பமும் ஒரு கட்டளைக் குரலும் மட்டுமே. ஓர் ஆசிரியர் அரைமணி நேரத்தில் கற்பித்துவிடக்கூடியவை அவை.

விபத்துக்குப் பின் படைத்துறை அக்குடியிருப்பை ஓராண்டுக்குத் தத்தெடுத்தது. மருத்துவரும் செவிலியரும் மாதந்தோறும் வந்து மக்களைப் பரிசோதிப்பர் என அறிவிக்கப்பட்டது. நன்றியுணர்வின் வெளிப்பாடாக அது போற்றத்தக்கது. எனினும் அவ்வறிவிப்பில் அம்மக்கள் சிகிச்சை பெறுவோராகவே உருப்பெறுகின்றனர். ஒரு வாரம் முன்பு அவர்களே உதவி அளித்தவர்கள் என்பது மறைந்துவிடுகிறது. அவசர மருத்துவம் பற்றிய பொது உரையாடல் முழுவதிலும் இம்மனப்பாங்கு உண்டு.

வெலிங்டனில் ஆசிரியர் என்னும் பதவி

ஜக்கதளா என முன்னர் வழங்கிய இவ்விடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாளையமாக உருவாகி, வெலிங்டன் கோமகனின் பெயரைப் பெற்றது. 1947-ஐ ஒட்டி மதராஸ் படைப்பிரிவு மையமும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும் இங்கு நிலைகொண்டன. இரண்டும் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவை. கல்லூரியில் கற்பிக்கும் அதிகாரிக்கு ‘டைரக்டிங் ஸ்டாஃப்’ என்று பதவிப்பெயர் உண்டு. அப்பணி ஒரு குறிப்பிட்ட காலத்துக்கான நியமனம். அதனை வகித்தது அதிகாரியின் பணிவரலாற்றில் மதிப்புடன் இடம்பெறும். பயிற்சிக் களத்திலோ புதிய வீரர்க்குக் கற்பிப்பவர் ‘உஸ்தாத்’ என்று அழைக்கப்படுகிறார். துப்பாக்கியைப் பிரித்துச் சேர்க்கக் கற்பிப்பவருக்கும் அப்பெயரே. சிறந்த போர்வீரர் எல்லாரும் சிறந்த உஸ்தாத் ஆவதில்லை என்பது படைத்துறை நன்கறிந்த உண்மை. ஆகவேதான் பயிற்றுநரைத் தெரிவதும் பயிற்றுவதும் அங்குத் தனிச்செயலாக உள்ளன.

படைத்துறை மருத்துவத்திலும் இதே தெளிவு காணப்படுகிறது. காலாட்படைப் பிரிவுகளில் சில வீரர்கள் ‘போர்க்களச் செவிலி உதவியாளர்’ எனப் பயிற்றப்படுகின்றனர். அவர்கள் மருத்துவப் படையினர் அல்லர். துப்பாக்கி ஏந்தும் வீரர்களே. மருத்துவர் வந்து சேருமுன் காயமுற்றவனின் அருகில் இருப்பவன் அவனுடைய தோழன். குருதிப்பெருக்கை அவனே நிறுத்தியாக வேண்டும் என்னும் கணிப்பே இவ்வேற்பாட்டின் அடிப்படை. இக்கணிப்பு பாளையத்தின் மதிலுக்கு உள்ளே மட்டும் பொருந்துவதன்று. தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை முட்டிய தொழிலாளியின் அருகில் இருப்பவரும் உடன் கொழுந்து பறிப்பவரே. குடிமக்கள் சேவையோ இந்த அருகிலிருப்பவரை விடுத்து, ஊர்தியில் வருபவரை மட்டுமே பயிற்றுதற்குரியவராகக் கொண்டது.

ஐம்பது நாளும் அதன் ஆசிரியரும்

2005-இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட இ.எம்.ஆர்.ஐ. நிறுவனத்தின் 108 சேவை 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியுடன் இந்நிறுவனம் 2007-இல் கைகோத்து, ஈராண்டு உயர்நிலைப் பயிற்சியை வடிவமைத்தது. பணியாளரைப் பயிற்றுவதோடு, பின்னாளில் தாமே பயிற்றத்தக்க உள்நாட்டுப் பயிற்றுநரை உருவாக்குவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. இந்தியாவில் ஊர்திக்கு முன்பே ஆசிரியரை எண்ணிப்பார்த்த அரிய முயற்சிகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

தமிழ்நாட்டில் 108 பணிக்கான ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைப் படிப்போர் வேறொரு காட்சியைக் காண்பர். ‘மருத்துவ உதவியாளர்’ பணிக்குச் செவிலியர் பட்டம், பட்டயம், ஆய்வக நுட்பவியல், உயிரியல் சார்ந்த இளங்கலை என விரிந்த தகுதிகள் ஏற்கப்படுகின்றன. தெரிவானோர்க்கு வகுப்பறை, மருத்துவமனை, ஊர்தி ஆகிய மூன்றிடத்திலுமாக 50 நாள் பயிற்சி. ஓட்டுநருக்கு 10 நாள். ஓட்டுநரின் உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது என்ற அளவுக்கு நுணுக்கமானவை அவ்வறிவிப்புகள். இவர்களைப் பயிற்றுவோர் யார் என்பது மட்டும் அவற்றில் இல்லை. ஆள்சேர்ப்பு அறிவிப்பில் ஆசிரியரைத் தேடுவது முறையன்று எனலாம். ஆயினும் இப்பணியைப் பொதுமக்களும் வேலை தேடும் இளைஞரும் அறிந்துகொள்ளும் முதன்மை ஆவணம் அதுவே. கல்லூரி விளம்பரம் தன் ஆசிரியர்களைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாட்டில் இந்த மௌனம் கவனத்துக்குரியது.

விலங்கியல் பட்டதாரி ஒருவரும் செவிலியப் பட்டயம் பெற்ற ஒருவரும் ஒரே வகுப்பில் அமர்வர். முன்னவர் குருதியழுத்தமானியைக் கையால் தொட்டிராதவராக இருக்கலாம்; பின்னவர் பிரசவ அறையில் ஓராண்டு நின்றவராக இருக்கலாம். இவ்விருவரையும் 50 நாளில் ஒரே தரத்துக்குக் கொணர்வது எளிய செயலன்று. எதனை விளக்கவுரையாகச் சொல்வது, எதனைப் பொம்மை உருவின்மீது நூறுமுறை செய்விப்பது, எதனை ஊர்தியில் மூத்தவரிடம் கற்க விடுவது என்னும் தேர்வு முழுவதும் ஆசிரியரின் கையில் உள்ளது. அறிவு நிலைத்திருக்க, கைத்திறன் சில மாதங்களிலேயே மங்கிவிடும் என்பது உயிர்மீட்புக் கல்வி பற்றிய ஆய்வுகள் பலவும் ஒப்பும் முடிவு. எனவே ஒருமுறை கற்பித்து அனுப்பும் ஆசிரியர் போதார். திரும்பத் திரும்ப வந்து கைகளைச் சோதிக்கும் ஆசிரியர் தேவை. ஊர்தியில் உடனிருந்து கற்பிக்கும் மூத்த பணியாளர் உண்மையில் இந்த இரண்டாம் வகை ஆசிரியரே. அவர் எந்தப் பட்டியலிலும் ஆசிரியராக எண்ணப்படுவதில்லை.

உலக அனுபவமும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. அமெரிக்காவிலும் தொடக்கத்தில் நல்ல பணியாளரே நல்ல ஆசிரியர் என்று கருதப்பட்டது. அங்கு 1966-இல் வெளியான தேசிய அறிவியல் கழக அறிக்கையின் பின் அவசர மருத்துவப் பணி ஒழுங்குபெற்றது. பயிற்றுநரைப் பயிற்றுவதற்கான தேசிய வழிகாட்டி 2002-இல்தான் வந்தது. இடைவெளி 36 ஆண்டு. இன்றும் அங்குப் பகுதிநேரமாக, பணிக்கு மேலதிகமாகக் கற்பிப்போர் பலர். வேறுபாடு யாதெனில், அங்கு இவ்வாசிரியர்க்கென ஒரு தேசியச் சங்கம் உண்டு. தம் தொழில்நிலையைத் தாமே ஆராய்ந்து எழுதும் மரபும் உண்டு.

சட்டங்களின் மௌனம்

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 150 தொழிலாளர்க்கு ஒன்று என முதலுதவிப் பெட்டி வைக்கப் பணித்தது. முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரது பொறுப்பில் அப்பெட்டி இருக்க வேண்டும் என்றும் கூறியது. நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகள் இவ்விதியின் கீழ் இயங்கி வந்தவை. பேருந்து நடத்துநர் உரிமத்துக்கும் முதலுதவிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134அ பிரிவு, விபத்தில் உதவ வருபவரை வழக்குத் தொல்லையிலிருந்து காக்கிறது. 2021-ஆம் ஆண்டு இணைநிலைச் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம், அவசர மருத்துவ நுட்பவியலாளரை முதன்முறையாகத் தேசிய அளவில் ஒரு தொழில்வகையாகப் பெயர்சொல்லி ஏற்றது.

பெட்டி, சான்றிதழ், பாதுகாப்பு, தொழிற்பெயர் ஆகிய நான்கும் இச்சட்டங்களில் கிட்டின. சான்றிதழ் என்பது ஒருவர் மற்றொருவர்க்குக் கற்பித்ததன் எச்சம். எச்சத்தை வரையறுத்துவிட்டு வினையை வரையறுக்காமல் விடுவது நம் சட்ட மொழியின் பழக்கம் போலும். 2021 சட்டத்தின் வழி அமையும் பாடத்திட்டங்கள் ஆசிரியரின் தகுதியையும் பணிநிலையையும் விரிவாகப் பேசும்போதே இக்குறை நீங்கத் தொடங்கும்.

கற்பித்தல் மொழி: ‘இழுப்பு’ என்னும் சொல்

தமிழாய்வாளர் இத்துறைக்குள் நுழைய வேண்டிய இடம் இது. உதவி கேட்டு அழைப்பவர் “இழுக்குது” என்கிறார் எனக் கொள்வோம். தமிழில் இழுப்பு என்பது மூச்சிரைப்பு நோய், வலிப்பும் இழுப்பே. “ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு” என்றால் பக்கவாதம். நோயாளி இறக்கும் தறுவாயில் விட்டுவிட்டு வாங்கும் மூச்சையும் “இழுத்துக்கிட்டு கிடக்கு” என்றே மக்கள் சொல்கின்றனர். ஒரே வினையடியில் நான்கு அவசரநிலைகள். இவற்றுள் கடைசியாகக் கூறியது மிகக் கொடியது. இதயம் நின்றபின் சில நிமிடம் தோன்றும் அம்மூச்சு உண்மையான மூச்சன்று. அதனைக் கண்டவுடன் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். ஆனால் பேச்சுவழக்கில் அச்சொல் “இன்னும் உயிர் இருக்கிறது, காத்திருக்கலாம்” என்னும் குறிப்பைத் தருகிறது.

ஆங்கிலப் பாடநூல் இந்தச் சொல்லை அறியாது. அதனை அப்படியே மொழிபெயர்த்த தமிழ் நூலும் அறியாது. தமிழ் பேசும் மக்களிடையே பணியாற்றிய ஆசிரியர் ஒருவரே “இழுக்குது என்றால் எது இழுக்கிறது, கையா மூச்சா, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை” என்று கேட்கக் கற்பிக்க முடியும். இவ்வாறு கற்பிக்கும் ஆசிரியர் இருக்கக்கூடும். அவரது அறிவு வாய்மொழியாகவே நின்று, அவர் பணியை விட்டு நீங்கும்போது உடன் நீங்குகிறது என்பதே சிக்கல்.

மார்பழுத்தத்தை எண்ணும் முறை இன்னோர் எடுத்துக்காட்டு. நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்குப் பின் இரண்டு மூச்சு என்பது முறை. ஓர் அழுத்தத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரை நொடி. ‘ஒன்/று’ ஈரசைச் சொல். அரை நொடிக்குள் அடங்கும். ‘இரு/பத்/தே/ழு’ நாலசைச் சொல். உரக்க எண்ணிக்கொண்டே அழுத்தும் மாணவரின் கை, களைப்புறும் அதே கட்டத்தில் சொல்லின் நீளத்தாலும் தாமதமுறுகிறது. ஆங்கில எண்களுக்கும் இக்குறை ஓரளவு உண்டு. ஒன்று முதல் பத்துவரை மும்முறை எண்ணுவித்தால் தீர்ந்துவிடும் இச்சிக்கல் யாப்பறிந்தோர் ஒரு கணத்தில் காணத்தக்கது. எனினும் தமிழ் யாப்பிலக்கண வகுப்புக்கும் முதலுதவி வகுப்புக்கும் இடையே பாதை இல்லை.

மக்களிடையே வழங்கும் நம்பிக்கைகளை எதிர்கொள்வதும் ஆசிரியரின் வேலையே. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தல், தீப்புண்ணில் பற்பசையோ மையோ பூசுதல், பாம்பு கடித்த இடத்துக்கு மேல் இறுகக் கட்டுதல் ஆகியவற்றை “தவறு” என்று ஒரு வரியில் தள்ளிவிடும் பாடநூல் கற்பவரை மாற்றுவதில்லை. சாவிக்கொத்தைத் தேடி ஓடும் நேரத்தில் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம் என்று காட்டினால், ஓடத் துடிக்கும் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. மறுபுறம், நாட்டு எலும்புமுறிவு வைத்தியத்தில் வழங்கும் ‘சிம்பு’ என்ற சொல் முறிந்த எலும்பை அசையாமல் தாங்கும் தப்பையைத் துல்லியமாகக் குறிக்கிறது. ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்து ‘ஸ்பிளின்ட்’ என்று கற்பிக்கும் வகுப்புகள், மாணவரின் பாட்டி அறிந்த சொல்லைக் கைவிடுகின்றன.

மொழியும் பணியாளர் நிலையும் பின்னிப் பிணைந்தவை என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மாணவர் அரசுப் பணிகளை நாடி ஊர்களை விட்டு நீங்குவதைக் கண்டு, 1860-களில் பயிற்றுமொழியைத் தமிழுக்கு மாற்றினார். அவரிடம் கற்றோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஏறத்தாழ பாதிப்பேர் தமிழ்வழி. ‘இரணவைத்தியம்’ 1867-இலும் ‘கெமிஸ்தம்’ 1875-இலும் வெளிவந்தன. கிறீனைத் தமிழ்க் கலைச்சொல் முன்னோடியாக மட்டும் கொண்டாடும் போக்கு தமிழாய்வில் நிலைத்துவிட்டது. அவரது சொற்கள் வகுப்பறையில் பிறந்தவை. கற்பிக்க வேண்டிய நெருக்கடியே அவற்றை ஈன்றது. ‘கெமிஸ்தம்’ எனப் பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவித்த அவர் இன்றிருந்தால் ‘சிபிஆர்’ என்பதை மாற்ற முனைந்திருக்கமாட்டார் எனலாம். ‘இதய நுரையீரல் இயக்க மீட்பு’ என்ற தொடர் தேர்வுத்தாளுக்குப் பொருந்தும். மயங்கிக் கிடப்பவர் அருகில் நின்று கூவுவதற்குப் பொருந்தாது.

தமிழ்வழி என்பதும் நீலகிரியில் முழுத் தீர்வன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். படுகு, தோடா, கோத்தா, இருளம், குறும்ப மொழிகள் வழங்கும் மாவட்டம் இது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்வழித் திரும்பிய மலையகத் தமிழர் ஒருபுறம், அண்மைக்காலத்தில் வடமாநிலங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்தோர் மறுபுறம். “வலி எங்கே” என்ற வினாவை எத்தனை மொழிகளில் கேட்கப் பயிற்றுவது என்பதைச் சென்னையில் அமைந்த பாடத்திட்டம் முடிவு செய்ய இயலாது.

மலை தரும் பாடப்பொருள்

சமவெளிக்கு எழுதிய பாடத்திட்டத்தை மலை பல இடங்களில் திருத்துகிறது. குன்னூர் அரசு லாலி மருத்துவமனையிலிருந்து கோவைக்கு நோயாளியை மாற்ற, மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்க வேண்டும். கொண்டையூசி வளைவுகளில் நின்றபடி மார்பை அழுத்தும் பணியாளர் தானே விழக்கூடும். அழுத்தத்தின் ஆழமும் குறையும். ஆகவே இங்கு ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் ஒன்றாகப் பயிற்றப்பட வேண்டியவர்கள். எந்த வளைவுக்கு முன் குரல் கொடுப்பது, எங்கு ஊர்தியை நிறுத்திவிட்டுச் சிகிச்சையைத் தொடர்வது என்பவை இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவுகள். ஒருவர்க்கு 50 நாள், மற்றவர்க்கு 10 நாள் எனத் தனித்தனியே வகுப்பதில் இச்சேர்க்கைக்கு இடம் சுருங்குகிறது. 2023 செப்டம்பர் 30 அன்று இதே பாதையில் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தபோது, ஒரே நேரத்தில் பலரைத் தரம்பிரித்து எவரை முதலில் ஏற்றுவது என்ற பாடமும் இம்மாவட்டத்துக்கு எவ்வளவு அண்மையானது என்பது தெரிந்தது.

தேயிலைத் தொழிற்சாலையின் சி.டி.சி. உருளையில் விரல் சிக்கித் துண்டிக்கப்படுவது இத்தொழிலுக்கே உரிய ஆபத்து. துண்டான விரலை நேரே பனிக்கட்டியில் இடுவதே மக்கள் வழக்கம். அவ்வாறு இட்டால் திசு கெடும். ஈரத்துணியில் பொதிந்து, நீர்புகாப் பையில் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி மேல் வைக்க வேண்டும். தொழிற்சாலையின் முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழ்ப் பாடத்தில் இது இடம்பெறுமாயின் அது உள்ளூர்ப் பாடம் எனலாம். அதைச் சொல்ல வேண்டியவர் உருளையின் ஓசையைக் கேட்டறிந்த ஓர் ஆசிரியர்.

அத்தகையோர் இம்மாவட்டத்தில் இல்லாமலில்லை. ஊர்தியில் பல்லாண்டு பணியாற்றிய மருத்துவ உதவியாளர், தோட்ட மருந்தகத்தின் கம்பவுண்டர், பாளையத்திலிருந்து ஓய்வுபெற்றுக் குன்னூரிலேயே தங்கிவிட்ட படைமருத்துவ உதவியாளர் எனப் பலர் உளர். உதகையில் 2022 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி, இவர்களைப் பகுதிநேரப் பயிற்றுநராகப் பதிவு செய்து, கற்பிக்கும் முறையில் சில வாரம் பயிற்றி, ஊதியமும் பதவிப்பெயரும் வழங்க இயலும். அவர்கள் வகுப்பில் சொல்வதை எழுதி வைக்கும் பணி தமிழ்த்துறைகளுக்குரியது.